தனிமையைத் தகட்டில் கீறியவர்கள்: பரோக் காலத் தவசிப் படங்களைப் பார்ப்பது எப்படி?

கேள்வி இதுதான்: பரோக் எனப்படும் கலைக்காலத்தில், ஏறத்தாழ 1580 முதல் 1700 வரை, ஐரோப்பாவில் அச்சான செப்புத்தகட்டுப் படங்களில் குகையிலும் காட்டிலும் தனித்திருக்கும் தவசிகள் ஏன் இத்தனை பேர்? அவர்களை எப்படி அடையாளம் காண்பது? அந்தப் படங்களின் பக்தி எங்கிருந்து வருகிறது? கைக்கு ஒரு படம் வந்தால் அது எந்த முறையில் ஆனது, பழையதுதானா என்று எப்படிச் சோதிப்பது?

பலரும் மண்டையோடு, பாடுபட்ட சுரூபம் (சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவம்), மணற்கடிகாரம் என்று சின்னங்களைப் பட்டியலிடுவதிலிருந்து தொடங்குவார்கள். நான் கோட்டிலிருந்து தொடங்கச் சொல்வேன். வண்ணம் இல்லாத இந்தக் கலையில் இருளும் ஒளியும் வெறுமையும் கோட்டால் மட்டுமே பிறக்கின்றன. எந்தக் கருவியால் கீறினார்கள் என்பது தெரிந்தால், அந்தத் தவசி எப்படிப்பட்ட தனிமையில் இருக்கிறார் என்பதில் பாதி புரிந்துவிடும்.

கருவிகளில் மூத்தது பியூரின். விரலைவிடச் சற்று நீளமான எஃகுக் கம்பியாலான செதுக்குளி அது. குறுக்குவெட்டு சதுரமாகவோ சாய்சதுரமாகவோ இருக்கும், முனையைச் சாய்வாகத் தீட்டியிருப்பார்கள். காளான் போன்ற மரப்பிடியின் அடிப்பக்கத்தைச் சீவித் தட்டையாக்கியிருப்பார்கள். அப்போதுதான் உளி தகட்டோடு படிந்து போகும். பிடி உள்ளங்கையில் அடங்கும். தள்ளும் விசை அங்கிருந்து வரும்; விரல்கள் திசையை மட்டும் பார்த்துக்கொள்ளும். தகடு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிப்புள்ள செம்பு. மணல் அடைத்த தோல் மெத்தைமேல் அது கிடக்கும். வளைகோடு வேண்டுமானால் உளி பிடித்த கை அசையாது. இடக்கை தகட்டை உளிக்கு எதிராகச் சுழற்றும். அழுத்தினால் கோடு தடிக்கும், அழுத்தத்தைக் குறைத்தால் மெலிந்து மறையும். கோட்டின் இருபுறமும் எழும் பிசிறைச் சுரண்டியால் சீவி எறிந்துவிடுவார்கள். பியூரின் கோடு இரு முனையும் கூராக, நடு தடித்து, ஓரம் சுத்தமாக இருப்பது இதனால்தான்.

இதில் தவறுகள் எளிதாக நேரும். உளியைச் செங்குத்தாகத் தூக்கினால் முனை செம்பில் குத்தி நின்றுவிடும். அதிகம் சாய்த்தால் வழுக்கிப்போய் முகத்துக்குக் குறுக்கே ஒரு கீறல் விழும். திருத்த வேண்டுமானால் அந்த இடத்தைச் சுரண்டி, மெருகுக்கோலால் தேய்த்து, தகட்டின் பின்புறமிருந்து சுத்தியலால் மெல்லத் தட்டிப் பள்ளத்தை மேலே கொண்டுவர வேண்டும். நிழலுக்காக இரண்டு கோட்டு வரிசைகளைக் குறுக்கே வெட்டவிடுவார்கள். வெட்டும் கோணம் மிகக் குறுகினால் பட்டுத்துணியில் தெரிவது போன்ற அலைநெளிவு தோன்றி நிழலைக் கெடுத்துவிடும். தேர்ந்தவர்கள் கோடுகளுக்கு இடையில் உண்டாகும் ஒவ்வொரு சாய்சதுரத்துக்குள்ளும் ஒரு புள்ளி வைத்தார்கள். உடலின் நடுத்தர நிழலுக்கு அந்தப் புள்ளி அருமையாக உதவும்.

இந்தக் கருவி அவசரத்துக்கு இணங்காது. ஒவ்வோர் இலையும் பட்டையும் பாறையும் தனக்கென ஒரு கோட்டு வரிசை கேட்கும். எனவே பியூரின் படத்தின் காடு ஒழுங்கான காடு. யான் சாடெலர், ராஃபேல் சாடெலர் சகோதரர்கள் மார்ட்டன் டி வோஸ் வரைந்த சித்திரங்களை வைத்து 1580களின் நடுவிலிருந்து 1600 வரை வெளியிட்ட தவசித் தொடர்களைப் பாருங்கள். அவற்றில் ‘திருவனங்கள்’ என்ற பொருள்படும் தொடர் 1594இலும், ‘தனிவாழ்வின் வெற்றிச் சின்னம்’ என்ற பொருள்படும் தொடர் 1598இல் வெனிஸிலும் வந்தன. ஒவ்வொரு படத்திலும் ஒரு தவசி, சுற்றிலும் காடு, கீழே லத்தீன் வரிகள். தவசி அங்கே வேலை செய்கிறார், வாசிக்கிறார், வேண்டுகிறார். தூரத்தில் ஓர் ஓடையோ பாலமோ சிற்றாலயமோ தெரிகிறது. நாள் முழுக்கச் செய்ய ஏதோ இருக்கிற தனிமை அது. எஃகில் பூவேலை செய்யும் குடும்பத்திலிருந்து வந்தவர்கள் சாடெலர்கள். அந்தப் பொறுமை ஒவ்வொரு இலையிலும் தெரிகிறது. இதே டி வோஸின் சித்திரங்களைக் கொண்டு பெண் தவசியருக்கென ஒரு தனித் தொடரை ஆட்ரியன் கொலார்ட் செதுக்கினார். அது இன்னும் அதிகமாகப் பேசப்பட வேண்டியது.

ஒரு தலைமுறை கழித்து, 1619இல் ஆண்ட்வெர்ப்பில் வந்த ‘தவசியர் வனம்’ தொடரில் காட்சி மாறுகிறது. ஆப்ரகாம் ப்ளூமார்ட் வரைய, போயிசியஸ் போல்ஸ்வெர்ட் செதுக்கினார். ஆண், பெண் தவசியர் இருபாலரும் அதில் உண்டு. இங்கே காடு பின்னால் ஒதுங்கிவிடுகிறது. தவசியின் உடல் பெரிதாகி முன்னால் வருகிறது. முதுகின் வளைவோடு கோடும் வளைந்து, தோளில் தடித்து, விலாவில் மெலிகிறது. கோட்டைத் தடிக்கவும் மெலியவும் விடும் இந்த வித்தையை 1580களில் உச்சத்துக்குக் கொண்டுபோனவர் ஹார்லமின் ஹென்ட்ரிக் கோல்ட்ஸியஸ். அவர் அதைப் பெரும்பாலும் வீரர்களின் தசையைக் காட்டப் பயன்படுத்தினார். போல்ஸ்வெர்ட் அதையே குனிந்த முதுகுக்கும் கிழிந்த அங்கிக்கும் கொண்டுவந்தார்.

அந்த வித்தையின் எல்லையைத் தொட்டவர் பாரிஸின் க்ளோட் மெல்லான். அவர் குறுக்குக் கோட்டையே விட்டுவிட்டார். இணைகோடுகளின் தடிப்பை மட்டும் மாற்றி நிழல் தந்தார். 1649இல் செய்த இயேசுவின் திருமுகத் துணிப் படத்தில் மூக்கு நுனியில் தொடங்கும் ஒரே சுருள்கோடு தகடு முழுவதும் சுற்றிக்கொண்டே போகிறது. கண், முள்முடி, குருதித் துளி எல்லாம் அந்த ஒரே கோடு ஆங்காங்கே தடிப்பதால் உண்டானவை. அடியில் ‘ஒருவர் ஒன்றாலேயே உருவாகிறார், வேறொருவர் இல்லை’ என்ற பொருளில் லத்தீன் வாசகம். இதைச் சாமர்த்தியக் காட்சி என்று சொல்லிக் கடந்துபோவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தக் கோட்டைக் கண்ணால் தொடர்ந்து பாருங்கள். பார்வை வேறெங்கும் போக வழியில்லாமல் முகத்தைச் சுற்றிச் சுற்றியே வரும். ஜெபமாலை உருட்டும் மனம் செய்வதும் அதுதான்.

இரண்டாவது முறை எட்சிங். தகட்டின்மேல் மெழுகோ வார்னிஷோ பூசி, புகையில் கருக்கி, ஊசியால் வரைவார்கள். ஊசி செம்பைத் தோண்டாது; பூச்சை மட்டும் விலக்கும். தோண்டும் வேலை அமிலத்துடையது. மெலிய வேண்டிய கோடுகள் போதிய அளவு அரிக்கப்பட்டதும் தகட்டை எடுத்துக் கழுவி, அந்த இடங்களை மூடிவிட்டு, மற்றதை மறுபடி அமிலத்துக்குக் கொடுப்பார்கள். தொலைவு வெளிறியும் முன்புறம் கறுத்தும் வருவது இப்படித்தான். ஆப்ரகாம் போஸ் 1645இல் பாரிஸில் வெளியிட்ட கையேடு இதை அங்குலம் அங்குலமாக விளக்குகிறது. காடி, நவச்சாரம், உப்பு, செம்புக் களிம்பு ஆகியவற்றைக் காய்ச்சி எடுத்த நீரைச் சாய்த்து வைத்த தகட்டின்மேல் திரும்பத் திரும்ப ஊற்றச் சொல்கிறார். மெழுகுப்பூச்சு மிருதுவாக இருந்தால் கைபட்ட இடமெல்லாம் பெயரும். பெயர்ந்த இடத்தில் அமிலம் புகுந்து கரும்புள்ளிகள் விழும். இதைத் தவிர்க்க, லூட் இசைக்கருவி செய்பவர்கள் பூசிய கடின வார்னிஷை எடுத்துப் பயன்படுத்தியவர் நான்சி நகரத்து ஜாக் காலோ.

எகிப்தின் வனத்தில் தவமிருந்த அந்தோணியாரைப் பேய்கள் சோதிக்கும் காட்சியான காலோவின் ‘புனித அந்தோணியாரின் சோதனை’ அந்த வார்னிஷ் இல்லாமல் சாத்தியமில்லை. 1635இல், அவர் இறந்த ஆண்டில் செய்த இரண்டாம் வடிவத்தைச் சொல்கிறேன். ஏறக்குறைய 36க்கு 46 சென்டிமீட்டர். மேலே சங்கிலியில் கட்டுண்ட மாபெரும் பேய் வானத்தை அடைத்துக்கொண்டு வாயால் குட்டிப் பேய்களைக் கக்குகிறது. அந்தோணியாரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்: வலப்பக்கம் குகை வாயிலில், விரல் நகம் அளவில். முதல் தடவை பார்ப்பவர் பேய்களை எண்ணுவதிலேயே நேரம் போக்கிவிடுவார். அந்த வேடிக்கைதான் சோதனை. பார்ப்பவரையும் அதற்குள் இழுத்துவிட்டிருக்கிறார் காலோ. சிறிய உருவத்தின் கையிலுள்ள சிலுவைக்கு உங்கள் பார்வை வந்து சேர எவ்வளவு நேரமாகிறது என்று கவனித்துப் பாருங்கள்.

இதற்கு நேர் எதிர் நேப்பிள்ஸில் வாழ்ந்த ஸ்பானியர் ஹுசெப்பே டி ரிபேரா. விவிலியத்தை லத்தீனில் பெயர்த்த தவசிப் புனிதர் எரோணிமுஸை வைத்து 1621இல் அவர் செய்த படத்தில் காடும் இல்லை, கூட்டமும் இல்லை. கிழவரின் வற்றிய உடலும், வானிலிருந்து வரும் நியாயத்தீர்ப்பின் எக்காள ஒலியும் மட்டும். எலும்பு தெரியும் மார்பில் சிறு சிறு கீற்றுகள், புள்ளிகள். ஒளி விழும் இடத்தில் வெறும் தாள். பியூரின் ஒழுங்கில் இந்தத் தோல் சுருக்கம் வந்திருக்காது. ஊசி பேனாவைப் போல ஓடுவதால் வந்தது.

மூன்றாவது டிரைபாயிண்ட்: பூச்சும் அமிலமும் இன்றி, கூரிய ஊசியால் செம்பை நேரே கீறுவது. பியூரின்காரர் சீவி எறிந்த பிசிறை இங்கே வேண்டுமென்றே விட்டுவைப்பார்கள். மை அந்தப் பிசிறில் தங்கி, கோட்டுக்கு வெல்வெட் போன்ற கறுப்பு ஓரம் தரும். ஆனால் அச்சு உருளையின் அழுத்தத்தில் பிசிறு நசுங்கிவிடும். பத்திருபது பிரதிகளிலேயே செழுமை குறையத் தொடங்கும்; ஐம்பதுக்குள் பெரும்பாலும் போய்விடும். நன்கு செதுக்கிய பியூரின் தகடோ ஆயிரம் பிரதிகளுக்கும் தாங்கும். இந்தக் கணக்குதான் யார் எதைத் தேர்ந்தார்கள் என்பதையும் தீர்மானித்தது. உலகெங்கும் அனுப்ப வேண்டிய பக்திப் படத்துக்குப் பியூரின். சில சேகரிப்பாளர் கைகளுக்குப் போகும் படத்துக்கு டிரைபாயிண்ட்.

ரெம்ப்ராண்ட் மூன்றையும் ஒரே தகட்டில் கலந்தார். புராட்டஸ்டண்ட் ஆம்ஸ்டர்டாமில் இருந்துகொண்டு எரோணிமுஸை ஏழு முறை தகட்டில் வரைந்திருக்கிறார். 1642இல் செய்த சிறிய படத்தில் அறை அவ்வளவு இருட்டு. சன்னல் ஒன்றுதான் வெளிச்சம். சுழல்படி இருளில் கரைகிறது, புனிதர் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார். நெருக்கமாகப் பின்னிய கோடுகளால் ஆன இருட்டு என்பதால், தேய்ந்த தகட்டின் பிரதியில் அது சாம்பலாக வெளிறி, படம் செத்துவிடும். நல்ல பிரதியில்தான் பார்க்க வேண்டிய படம். 1648இல் தலைதறித்த வில்லோ மரம் முன்னால் வந்துவிடுகிறது: பட்டையும் பொந்தும் அடர்த்தியான கோடுகளில், பின்னால் எழுதிக்கொண்டிருக்கும் புனிதர் மெலிந்த கோடுகளில். தவசியைவிட மரத்துக்கு உடல் அதிகம்! அந்த மரம்தான் அவருக்கு அறை. 1653ஐ ஒட்டிய இத்தாலிய நிலக்காட்சிப் படத்தில் சிங்கம் முதுகு காட்டி நிற்கிறது. வாசிக்கும் எரோணிமுஸின் உடலில் பெரும்பகுதி கோடே இல்லாத வெள்ளைத் தாள். முடிக்காமல் விட்டாரா என்று கேட்பார்கள். வெயிலில் உட்கார்ந்து வாசிப்பவர் தன்னை மறந்துவிட்டதை வேறெப்படி வரைவது? அந்த வெள்ளை முடிந்த வேலை என்பதே என் கருத்து.

இனி, ஏன் இத்தனை தவசிகள்? புராட்டஸ்டண்ட்டுகள் துறவற வார்த்தைப்பாடுகளையும், பாவத்தை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறும் ஒப்புரவு அருட்சாதனத்தையும் மறுத்தார்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் திரிதெந்து பொதுச்சங்கம் 1551இல் ஒப்புரவை உறுதிசெய்தது. 1563 டிசம்பரில் திருவுருவங்களை வைத்து வணங்குவதைத் தக்கவைத்தது. அழும் இராயப்பரும் (பேதுருவும்) மகதலா மரியாவும் கல்லால் மார்பில் அறையும் எரோணிமுஸும் அதற்குப் பின் பெருகியது இதன் விளைவு. 1585இல் ஆண்ட்வெர்ப் ஸ்பானியர் வசம் வந்தபின் அந்நகரத்துத் தகடுகள் கத்தோலிக்க உலகத்துக்கே படம் தந்தன. இயேசு சபையினரின் தியான முறையும் காரணம்: தியானிக்கும் நிகழ்ச்சியின் இடத்தை முதலில் மனக்கண்ணில் அமைத்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் பாடம். 1593இல் ஆண்ட்வெர்ப்பில் வந்த ஹெரோனிமோ நதாலின் நற்செய்திப் படநூலில் 153 படங்கள். படத்துக்குள்ளே எழுத்துகள் பொறித்து, அதே எழுத்துகளுக்குக் கீழே குறிப்பு தந்திருப்பார்கள். பெரும்பாலும் வீரிக்ஸ் சகோதரர்களின் செதுக்கு. அவர்களில் அன்டோன் வீரிக்ஸ் செய்த 18 சிறு படங்களின் தொடர் ஒன்றில் காடே இல்லை. இதயம்தான் தனிமைக் குடில். குழந்தை இயேசு உள்ளே வந்து, துடைப்பத்தால் நச்சுப் பிராணிகளைக் கூட்டித் தள்ளுகிறார். வெளியே புயல் வீச உள்ளே தூங்குகிறார். ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளும் அளவுப் படங்கள். தனியாக இருப்பவர் தனியாகப் பார்ப்பதற்கென்றே செய்தவை.

இந்தப் படங்கள் இந்தியாவுக்கும் வந்தன. ஜஹாங்கீர் அவையின் ஓவியர் ஃபரூக் பேக் 1615இல் வரைந்த முதிய சூஃபியின் உருவம், டி வோஸை வைத்து ராஃபேல் சாடெலர் 1591இல் செதுக்கிய ‘துயரம்’ என்ற படத்திலிருந்து எடுத்தது. ஆண்ட்வெர்ப்பின் துயரம் முகலாயத் தாளில் சூஃபியின் தனிமையாகிவிட்டது.

ஆளை அடையாளம் காண்பதில் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கு ஒரு வசதி உண்டு. வனத்து அந்தோணியாரையும் வனத்துச் சின்னப்பரையும் (தவசி பவுலையும்) பெயரிலேயே பிரித்து வைத்திருக்கிறோம். கையில் குழந்தை இயேசுவோடும் லீலி மலரோடும் நிற்பவர் பதுவை அந்தோணியார். எகிப்தின் வனத்து அந்தோணியாருக்கு டி வடிவக் கோல், மணி, பக்கத்தில் பன்றி. சின்னப்பருக்கு ஓலையால் பின்னிய ஆடை, அப்பம் கொண்டுவரும் காகம். அந்தோணியார் பார்க்க வந்த நாளில் மட்டும் பாதிக்குப் பதில் முழு அப்பம் வந்ததாக வரலாறு. ஆகவே இரண்டு கிழவர்கள், ஒரு காகம், முழு அப்பம் என்றால் அந்தச் சந்திப்புதான். எரோணிமுஸுக்குச் சிங்கம், புத்தகம், கல், குஞ்சம் தொங்கும் அகன்ற கர்தினால் தொப்பி. சிங்கம் இல்லாத கிழவர் அழுதால் சாவியையோ சேவலையோ தேடுங்கள். இருந்தால் அவர் இராயப்பர். மகதலாவுக்குப் பரிமளத் தைலச் செப்பு. எகிப்து மரியாவுக்குச் செப்பு கிடையாது, மூன்று அப்பங்கள் உண்டு. இவ்விருவரையும் ஏலப் பட்டியல்களில்கூட மாற்றிப்போடுகிறார்கள். தலைமுடியே ஆடையாக, இடையில் இலை மட்டும் கட்டியவர் ஓனுஃப்ரியஸ். வெள்ளை அங்கி, மழித்த தலை என்றால் கார்த்தூசியர் என்ற துறவு சபையைத் தொடங்கிய புருனோ. பிரான்சிஸ் அசிசியாருக்கு ஐந்து காயமும் முடிச்சிட்ட கயிறும். சற்றுத் தள்ளி இன்னொரு துறவி இருந்தால் பெரும்பாலும் சகோதரர் லியோ.

படத்தின் அடியோரத்து லத்தீன் சுருக்கங்களை விட்டுவிடாதீர்கள். ‘இன்வ்.’ என்றால் கற்பனை செய்து வரைந்தவர், ‘பின்க்ஸ்.’ என்றால் மூல ஓவியம் தீட்டியவர், ‘ஸ்கல்ப்.’ செதுக்கியவர், ‘ஃபெக்.’ செய்தவர், பெரும்பாலும் எட்சிங்கில், ‘எக்ஸ்க்.’ வெளியிட்டவர். ஒரே படத்தில், தகட்டை மாற்றுமுன் எடுத்த முதல்நிலைப் பிரதியில் ஒரு வெளியீட்டாளர் பெயரும் பின்னதில் வேறு பெயரும் இருந்தால், தகடு கைமாறியிருக்கிறது, தேய்ந்தும் இருக்கும் என்று கொள்ளலாம். லத்தீன் வரிகள் இருந்த அடிப்பகுதியை வெட்டிவிட்ட பிரதிகள் சந்தையில் நிறைய. வெட்டியதோடு பாதிப் பொருளும் போய்விட்டது.

தகட்டில் உள்ளது தாளில் இடவலம் மாறி விழும். அச்சுப்படத்தை இன்னொருவர் பார்த்து அப்படியே தகட்டில் கீறினால் அது மறுபடி மாறும். எரோணிமுஸ் இடக்கையால் எழுதினால் நகலோ என்று சந்தேகப்படுங்கள். அருங்காட்சியகப் பிரதியோடு ஒப்பிடாமல் முடிவுசெய்யாதீர்கள். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம், லண்டனின் பிரிட்டிஷ் மியூசியம், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் மூன்றும் தங்கள் அச்சுப்படங்களை இணையத்தில் பெரிதாக்கிப் பார்க்கத் தந்திருக்கின்றன.

தாளைச் சோதிக்க பத்து மடங்கு உருப்பெருக்கியும் ஒரு டார்ச்சும் போதும். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் நாலாபுறமும் தகட்டின் ஓரம் அழுந்திய தடம் தெரிய வேண்டும். ஈரத்தாளை உருளை அச்சில் கம்பளித் துணியோடு அழுத்தியதால் வந்த தடம் அது. மைக்கோடு தாளுக்கு மேல் லேசாகப் புடைத்து நிற்கும். உருப்பெருக்கியில் கோடு சிறு புள்ளிகளாகச் சிதறினால் அது நவீன அச்சு. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பழைய கைத்தாளில் ஏறக்குறைய 25 மில்லிமீட்டருக்கு ஒன்றாகத் தந்திக் கோடுகள் தெரியும். தந்திக்கோடு இல்லாத வழுவழுப்பான தாள் 18ஆம் நூற்றாண்டின் நடுவுக்குப் பிறகே ஐரோப்பாவில் வந்தது. அதில் 1619ஆம் ஆண்டுப் படம் இருந்தால் பிற்கால அச்சுதான்.

ரெம்ப்ராண்டில் இன்னும் கவனம் வேண்டும். அவருடைய தகடுகள் பலவற்றை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸ் வணிகர் பாஸான் வாங்கி, தேய்ந்த இடங்களைத் திருத்தி மறுபடி அச்சிட்டார். அவை உண்மையான தகட்டின் பிரதிகள்தான், ஆனால் பிசிறு போனவை. 19ஆம் நூற்றாண்டில் அமான்-டுரான் ஒளிப்பட முறையில் புதிய தகடுகளே செய்தார். அவற்றுக்கும் அழுந்திய தடம் உண்டு, தடத்தை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். 1657இல் செய்த, மரத்தடியில் மன்றாடும் பிரான்சிஸ் அசிசியார் படத்தை வைத்துப் பழகலாம். முதல் நிலை டிரைபாயிண்ட்; பின்னர் எட்சிங் சேர்த்தார். நல்ல ஆரம்பப் பிரதியில் மரத்தின் கறுப்பு மென்மயிராகப் பரவி நிற்கும். பிந்தைய பிரதியில் அதே கோடுகள் மெல்லிய கீறல்களாக வற்றித் தெரியும். இரண்டையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மரத்தின் இருட்டை மட்டும் முதலில் ஒப்பிடுங்கள். முழங்காலிட்டவரின் முகத்துக்கு அதன்பின் வரலாம்.